காலை ஒரு மில்லி, மாலை ஒரு மில்லி

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்தும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் போலிருக்கிறது.

பத்து நாளாக நீ என் போனை எடுப்பதில்லை. அம்மாவின் போனில் கூப்பிட்டால் "சொல்லும்மா" என்கிறாய். நான் தொண்டையைக் கனைத்ததுமே லைன் செத்துப்போகிறது. அதனால்தான் தபால். கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

அண்ணன் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது நான் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்று அம்மா சொன்னாள். போட்டோக்காரர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, "அந்த அக்கா கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க, உச்சியில லைட் அடிக்குது" என்றார். எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "பொண்ணுக்கு சொத்து சேர்க்கலைன்னு யாரும் சொல்லாதீங்க, என் தலையை அப்படியே அவ பேர்ல எழுதி வெச்சுட்டேன்" என்றேன். நாற்பது பேர் சிரித்தார்கள். சம்பந்திக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் விடிந்ததும் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அம்மா இன்னொரு சேதியும் சொன்னாள். நீ தோல் டாக்டரைப் பார்த்தாயாம், தலையில் தடவ மருந்து கொடுத்தாராம். இந்த விஷயத்தில் உன் அப்பன் பெரிய படிப்பு படித்தவன். இருபத்தாறு வயதில் ஆரம்பித்தேன். வெங்காயச் சாறு தடவினேன், முட்டை தடவினேன். 'மூன்றே வாரத்தில் அடர்ந்த காடு' என்று பாட்டிலில் அச்சடித்திருந்த ஒரு பச்சை எண்ணெயையும் தடவினேன். காடு வரவில்லை, எறும்பு வந்தது. அதனால் கேட்கிறேன்: உனக்கு என்ன மருந்து, எப்படிப் போடச் சொன்னார் என்று எழுது.

கோபத்தைச் சாப்பாட்டின் மேல் காட்டாதே.

அப்பா


பிப்ரவரி 15

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

"உனக்குப் பிடிக்கவில்லை என்று அம்மா சொன்னாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்ததா?

பல் ஆஸ்பத்திரியில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா பல்லைக் குடையும்போது நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்து நிற்க வேண்டும். மேலே பெரிய விளக்கு. கொஞ்சம் அதிகம் குனிந்தால் அந்த வெளிச்சம் என் உச்சியில் விழும். ஒரு வருடமாக அந்த வெளிச்சத்துக்குப் பயந்துகொண்டே வேலை செய்கிறேன். வகிட்டை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றினேன், அங்கிருந்து நடுவுக்கு மாற்றினேன். இனி மாற்ற இடமில்லை என்ற நிலையில்தான் அண்ணன் கல்யாணத்துக்கு வந்தேன். அதை நாற்பது பேருக்கு அறிவித்தவர் நீங்கள்.

போனில் பேச மாட்டேன். போனில் உங்களுக்கு முதலில் ஜோக் வரும், அப்புறம்தான் யோசனை வரும். கடிதமென்றால் தபால் பெட்டி வரை நடக்கிற நேரமாவது யோசிப்பீர்கள்.

மருந்து ஒரு லோஷன். சொட்டுக்குழாயில் அளந்து காலை ஒரு மில்லி, மாலை ஒரு மில்லி. நாலு மாதம் விடாமல் போட்ட பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்றே சொல்ல முடியுமாம். முதல் சில வாரங்கள் முன்பைவிட அதிகமாகக் கொட்டும், பயப்படக் கூடாதாம். இன்றோடு ஒன்பது நாள்.

ஒரு நிபந்தனை. என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது, நல்ல வார்த்தையாக இருந்தாலும் சரி. உங்கள் தலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

மகள்


பிப்ரவரி 24

அன்பு மகளுக்கு,

நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் என் தலையைப் பற்றி எழுத வேண்டுமானால் அங்கே ஏதாவது நடக்க வேண்டுமே. இருபத்தைந்து வருடமாக அங்கே ஒரு சம்பவமும் இல்லை. அதனால் நேற்று பட்டறையை அரை மணி நேரம் தச்சரிடம் விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். உன் லோஷனின் பேரை அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் போனேன்.

கடைக்கார அம்மா சீட்டைப் படித்துவிட்டு, "யாருக்குங்க?" என்றார்.

"எனக்குத்தான்."

என் தலையைப் பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரும் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"என் பையன் பிறக்கறதுக்கு முன்னாடியில இருந்து. பையனுக்குப் போன மாசம் கல்யாணம் ஆச்சு."

"அப்போ வேரெல்லாம் மூடியிருக்கும். ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

"எதிர்பார்க்கலைங்க. பொண்ணுக்கு லெட்டர் எழுதணும், விஷயம் வேணும்."

அதற்கப்புறம் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதேதோ கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மில்லி அளந்து உச்சியில் விட்டேன். அது நிற்க வேண்டுமே. வழுக்கிக்கொண்டு நேரே காதுக்கு வந்துவிட்டது. அம்மா துண்டோடு பின்னாலேயே வந்தாள். "சாயம் போற குடை மாதிரி ஒழுகறீங்க" என்றாள். நாளைக்கு வேறு உபாயம் செய்ய வேண்டும். முப்பது வருடமாக மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவனுக்கு இந்த உருண்டைக்குப் போடத் தெரியாதா?

நீ நாலு மாதம் என்றால் நானும் நாலு மாதம். நீ பதினேழு நாள் முன்னால் ஓடுகிறாய். ஓடு, பிடித்துவிடுவேன்.

அப்பா


மார்ச் 8

அப்பாவுக்கு,

குடை விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்களை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கும். நீங்கள் பிரித்திருக்கவே மாட்டீர்கள். உங்களைப் போலப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. நீங்கள் டாக்டரைக் கேட்டீர்களா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

எனக்கு இப்போது கொட்டுகிற காலம். குளித்து முடித்தால் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொள்கிறது. தலையணை உறையைத் தினமும் உதறுகிறேன். மருந்து வேறு நிற்பதில்லை. ஒரு மாதம் வர வேண்டிய பாட்டில் பதினெட்டே நாளில் தீர்ந்துவிட்டது, தலைமுடியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நேற்று பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்புறம் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

எடுத்ததற்குக் காரணம் நீங்கள்தான். அங்கே ஒரு மனிதர் ஒரு முடியும் இல்லாமல் ஒழுக ஒழுகப் போட்டுக்கொண்டிருக்கிறார், இங்கே நான் விடலாமா என்று தோன்றியது. நீங்கள் விடுகிற அன்றைக்கு நானும் விட்டுவிடுவேன். இதை மிரட்டல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மகள்


மார்ச் 19

அன்பு மகளுக்கு,

கேட்டாயிற்று. (ஒரே வார்த்தை.)

இன்றைக்கு ஒரு அலமாரியைப் பற்றி எழுதுகிறேன். இது யாருடைய தலையைப் பற்றியும் அல்ல.

புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவர் ஒரு பழைய அலமாரிக்குப் பாலிஷ் போட்டார். டப்பா டப்பாவாகத் தீர்ந்தது, மரம் மட்டும் அப்படியே வெளுத்துக் கிடந்தது. போய்ப் பார்த்தேன். அலமாரி முழுக்கத் தூசி. அவர் பூசினதையெல்லாம் தூசிதான் குடித்திருக்கிறது. பாலிஷ் மரத்துக்குப் போக வேண்டும், மரத்தின் மேல் இருப்பதற்கு அல்ல. அதற்கு முதலில் விலக்க வேண்டும். சீப்பின் நுனியால் ஒரு கோடு கிழித்து, இரண்டு பக்கமும் ஒதுக்கி, அடியில் மரம் தெரிகிற இடத்தில் சொட்டுக்குழாயின் மூக்கை வைத்து நாலு சொட்டு. அரை விரல் தள்ளி இன்னொரு கோடு. விரல் நுனியால் ஒற்றிவிட்டு, காய்கிற வரை கையை வைக்கக் கூடாது. அலமாரிக்கு எதற்குச் சீப்பு என்று கேட்காதே. கேட்டால் நிபந்தனையை மீறியவன் ஆகிவிடுவேன்.

என் பக்கத்துச் செய்தி: உபாயம் கண்டுபிடித்துவிட்டேன், இப்போது ஒழுகுவதில்லை. தச்சர் தினமும் காலையில் வந்து, "குனி, விளைச்சல் எப்படின்னு பார்ப்போம்" என்கிறார். "விதை போட்டு ஒரு மாசம்தான்யா ஆச்சு" என்றேன். "பாறையில போட்டிருக்க, பார்த்துக்கோ" என்கிறார். பொறாமை.

நான் விட மாட்டேன். நீயும் விடாதே.

அப்பா


ஏப்ரல் 5

அப்பாவுக்கு,

அலமாரிக்காரர் திருந்திவிட்டார். பாட்டில் இப்போது அளவுப்படிதான் இறங்குகிறது, ஒரு மாதம் வந்துவிடும். பிசுபிசுப்பு இல்லை. கொட்டுவது இந்த வாரம் குறைந்திருக்கிறது. எண்ணிப் பார்க்கிற பழக்கத்தை நிறுத்திவிட்டதால் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.

நேற்று ஒரு நோயாளி மயக்க ஊசிக்குப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முகம் தெரியட்டும் என்று நன்றாகக் குனிந்தேன். விளக்கு ஞாபகமே வரவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

உங்கள் பாறை எப்படி இருக்கிறது? விவரமாக எழுதுங்கள்.

மகள்


ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

விவரம் கேட்டாய், இதோ விவரம். தலையில் முளைக்க வேண்டியது நெற்றியில் முளைத்திருக்கிறது. புருவத்துக்கு மேலே பூனைமயிர். காது ஓரத்திலும். மருந்து வேலை செய்கிறது, விலாசம்தான் தெரியவில்லை.

மற்றபடி இளமை திரும்புகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவைப் பார்க்கப் போன நாட்களைப் போல. அம்மாவிடம் சொன்னேன், "வாயு" என்றாள். சதையும் போட்டிருக்கிறேன். மோதிரம் கழல மாட்டேன் என்கிறது, சாயங்காலமானால் செருப்பு கடிக்கிறது. ஏணி வேலையைக் கொஞ்ச நாளாகத் தச்சரிடம் கொடுத்துவிட்டேன். இந்த வயதில் உயரமெல்லாம் எதற்கு? கீழே உட்கார்ந்து நாற்காலிக் காலுக்குப் பாலிஷ் போடுவதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

இன்றைக்கு ஐந்தாவது பாட்டிலைப் பிரித்தேன். கடைக்கார அம்மாவே இப்போது "அண்ணன் வந்துட்டார்" என்கிறார்.

உன் பஸ் சேதியை மூன்று தடவை படித்தேன். அதைப் பற்றி எழுத அனுமதி இல்லாததால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

நேற்று போனில் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மூன்று மாதம் கழித்து என் குரலை முதல் தடவையாகக் கேட்கிறீர்கள், அது அப்படி இருந்தது உங்கள் குற்றம். பக்கத்து நாற்காலியில் இருந்த நோயாளியே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

போனில் "சரிம்மா, சரிம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதனால் எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். ஐம்பத்து நாலு நாளில் நாலு பாட்டில் தீர்ந்திருக்கிறது. அளவுப்படி இரண்டுகூடத் தீர்ந்திருக்கக் கூடாது. பாட்டில் தீர்கிற கணக்கை வைத்து என் தப்பைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தானே? மோதிரம் இறுகுவது சதை இல்லை அப்பா, வீக்கம். செருப்பும் அதுதான். படபடப்பு அம்மாவைப் பார்த்ததால் வந்ததும் இல்லை. ஏணி ஏறாதது தலை சுற்றுவதால். எல்லாம் அந்தத் தாளில் வரிசையாக இருக்கிறது, போடுவதை உடனே நிறுத்தவும் என்ற வரியோடு.

டாக்டரைக் கேட்டாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "எந்த டாக்டர்?" என்றாள்.

எத்தனையோ ஜோக் அடித்திருக்கிறீர்கள். பொய் சொன்னதில்லை. ஏன் சொன்னீர்கள்?

போனில் சொன்னதுதான்: நாளைக் காலையில் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். அம்மாவும் கூட வருவாள். சொல்லிவிட்டேன்.

மகள்


மே 4

அன்பு மகளுக்கு,

போனேன். அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதைப் போல.

டாக்டர் பிரஷர் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். அமுக்கின இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

"ஒரு தடவைக்கு எத்தனை மில்லி?"

"அளக்கலைங்க. துணியில நனைச்சுப் பூசினேன்."

"துணியிலயா?"

"சும்மா விட்டா வழுக்கிட்டு ஓடுதுங்க. அதான் முதல்ல சொரசொரப்பான துண்டால நல்லாத் தேய்ச்சுட்டு, பஞ்சுத்துணியில மூணு கோட். ஒண்ணு காய்ஞ்சப்புறம் ஒண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

அம்மா சொன்னாள்: "மரத்துக்குப் பாலிஷ் போடறார், டாக்டர். வீட்டுல எதைப் பார்த்தாலும் தேய்ச்சுடுவார்."

தோலைத் தேய்த்துப் புண்ணாக்கி அதன்மேல் மூன்று கோட் பூசினால் மருந்து முடிக்குப் போகாதாம், ரத்தத்துக்குத்தான் போகுமாம். பிரஷர் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆகாதாம். இனி என் தோலில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். நிறுத்தி எட்டு நாளாகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, மோதிரம் சுற்றுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. இது பொய் இல்லை, வேண்டுமானால் அம்மாவைக் கேள்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், நான் விட்டால் நீயும் விடுவாய் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பட்டறை ஆணியில் குத்தி வைத்திருந்தேன். தலை சுற்றும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன், இன்னும் இரண்டு மாதம்தானே என்று. இப்போது விட்டாயிற்று. நீ என்ன செய்யப் போகிறாயோ என்பதுதான் எட்டு நாளாக என் கவலை.

இன்னொன்று. இத்தனை நாள் என் தலையை வைத்து ஒப்பேற்றிவிட்டேன். இனி அங்கே எழுத எதுவும் இல்லை. அதனால் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். கல்யாணத்தில் நான் சொன்னது தப்பு. அம்மா சொல்லித் தெரியவில்லை. சொன்ன மறுநிமிஷம் உன் முகத்தைப் பார்த்தபோதே தெரியும்.

எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தபோது பட்டறையில் என்னைப் 'பல்பு' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிச் சிரித்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்று கற்றுக்கொண்டேன். அது எனக்கு உதவியது. போட்டோக்காரர் உன்னைச் சொன்னதும் அதே பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டேன், உனக்கு முன்னால் போய் நிற்பதாக நினைத்துக்கொண்டு. என் தலையை நான் கேலி செய்யலாம். உன்னுடையதை வைத்து நாற்பது பேரைச் சிரிக்கவைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? என்னை மன்னித்துவிடு.

அப்பா


ஜூன் 9

அப்பாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். போனில் நாம் பேசியதெல்லாம் உங்கள் பிரஷரைப் பற்றி மட்டும்தான். மற்றதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

நீங்கள் நிறுத்தியதும் நானும் நிறுத்தினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. நாலு நாள். ஐந்தாம் நாள் காலையில் பாட்டில் அலமாரியிலேயே இருந்தது, நானும் அங்கேயே நின்றேன். யாருக்குப் பயந்து ஆரம்பித்தோம், யாருக்காக நிறுத்தினோம் என்று யோசித்தேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. வகிடு எடுத்து ஒரு மில்லி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து ஒரு வேளையும் தவறவில்லை.

மூன்று நாளுக்கு முன் நாலு மாதம் முடிந்தது. உச்சியை மேலேயிருந்து போட்டோ எடுக்க வேண்டும், தனியாக எடுக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம், "ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றேன். "எங்க, கடைவாயா?" என்றார். "உச்சி" என்றேன். நாற்காலியில் உட்காரச் சொன்னார், விளக்கை நேராகத் திருப்பினார், மூன்று படம் எடுத்தார். "போதுமா? அடுத்தவரைக் கூப்பிடு" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு வருடம் பயந்தேன் என்று இருந்தது.

இதனுடன் இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று பிப்ரவரியில் தோல் டாக்டர் எடுத்தது, மற்றது இப்போது எடுத்தது. எது எதுவென்று எழுதவில்லை, பின்னால் அ, ஆ என்று மட்டும் போட்டிருக்கிறேன். எது புதியது? நல்ல மேஜையில் ஒரு கீறலை வாசலில் நின்றே கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு. ஆறுதல் வேண்டாம். மாற்றம் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள், தோல் டாக்டரிடம் வேறு வழி கேட்பேன். நிபந்தனையை இந்த ஒரு பதிலுக்கு மட்டும் தளர்த்துகிறேன்.

மகள்


ஜூன் 16

அன்பு மகளுக்கு,

படம் வந்த அன்று பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலை பட்டறை வாசலில், பாலிஷ் பார்க்கிற சாய்ந்த வெயிலில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தச்சர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா அது?" என்றார். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உனக்கில்லாதது" என்றேன். அவர் போன பிறகு மறுபடி எடுத்தேன்.

புதியது 'ஆ'.

உச்சியில் பெரிய மாற்றம் இல்லை. இந்த வரியை எழுத மூன்று தாள் வீணாக்கினேன், ஆனாலும் எழுதுகிறேன். வகிடு அகலமாகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. அது அப்படியே நிற்கிறது. ஆனால் முன்பக்கம், நெற்றியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வகிட்டின் இடது ஓரத்தில் 'ஆ'வில் குட்டை முடி இருக்கிறது. 'அ'வில் அதே இடம் வெறும் தோல். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டாவதாக ஒன்று இருக்கிறது, அது முடியா படத்தில் விழுந்த கீறலா என்று தெரியவில்லை, அதனால் சேர்க்கவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் கொடுத்தேன். பருப்பு அளந்துகொண்டிருந்தவள் ஒரே பார்வையில் 'ஆ'வைத் தொட்டுவிட்டு அளக்கப் போய்விட்டாள்.

தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். உச்சிக்குப் பின்னால், சரிவு ஆரம்பிக்கிற இடத்தில், உனக்கு மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது. தப்பு உன்மேல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தை எவ்வளவு நல்ல வேலைக்காரனும் விட்டுவிடுவான். அலமாரியின் பின்பக்கத்தை நானே எத்தனை தடவை விட்டிருக்கிறேன்.

நான் சொல்வது: விடாதே. இன்னும் நாலு மாதம் போடு. அதற்கப்புறமும் பார்க்கச் சொன்னால் இதே கண்ணால் பார்த்து இதே மாதிரி சொல்கிறேன்.

அப்பா


ஜூன் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

'ஆ' சரி. நான் எண்ணியது ஒன்பது. உங்களுக்கு இரண்டு அதிகம் தெரிந்திருக்கிறது. அப்பாவாகப் பார்த்தீர்களா, பாலிஷ்காரராகப் பார்த்தீர்களா என்று நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நாலு நாள் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பின்பக்கம் எனக்கு எட்டவில்லை என்பது உண்மைதான். கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன், கை மாறிப் போகிறது. பாட்டிலையும் சீப்பையும் கொண்டு வருகிறேன். அந்த நாலு நாளும் பின்பக்கத்தை நீங்கள் வகிடு எடுத்துப் போட்டுவிடுங்கள். சொட்டுக்குழாயால்தான் போட வேண்டும், துணி கூடாது. முதலில் தேய்க்கவும் கூடாது. ஒரே கோட்.

உங்கள் தோலில் ஒரு சொட்டும் படக் கூடாது என்று சீட்டில் கோடு போட்டிருப்பதால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் கேட்டு நாலு ஜோடி கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் சின்னக் கை. உங்கள் கைக்கு ஆகிற அளவு தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மகள்